ஆட்டிசம் உள்ள பிள்ளை ஏன் தூங்குவதில்லை?

"பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்குவதே இல்லை" என்று ஒரு தாய் சொல்லும்போது, எங்கள் தருமபுரிப் பக்கத்தில் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்பது ஒன்று. பகலில் நன்றாக ஓடியாட விட்டால் படுத்தவுடன் தூங்கிவிடுவான் என்பது இன்னொன்று. எங்கோ பயந்திருக்கிறான், மந்திரித்துக் கயிறு கட்டு என்பது மூன்றாவது. சொல்பவர்கள் எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தூக்கத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இந்த மூன்று பதில்களும் தொடுவதே இல்லை. ஏற்கெனவே தூக்கமிழந்து நிற்கும் தாயின் தலையில் குற்றத்தையும் ஏற்றி வைத்துவிட்டுப் போய்விடுகின்றன.

என் தங்கை வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. அவள் மகனுக்கு இப்போது எட்டு வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாம்பழக் காலத்தில், நான் அங்கே தங்கியிருந்த இரவில் மணி இரண்டைத் தாண்டியபோது கட்டில் அதிரும் சத்தம் கேட்டு எழுந்தேன். பிள்ளை கட்டிலின் மேல் நின்று, சுழலும் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தபடி குதித்துக்கொண்டிருந்தான். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் விழுந்துவிடாமலும் வெளியே ஓடிவிடாமலும் இருக்க, அவன் சட்டையின் கீழ்விளிம்பை ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அவள் கண்கள் மூடியிருந்தன. "நீ போய்ப் படுண்ணா, காலையில பஸ்ஸைப் பிடிக்கணும்ல" என்று கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். நான்கு ஆண்டுகளாக அவள் தூங்குவதே அப்படித்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு மருத்துவர்களிடமும் சிறப்பாசிரியர்களிடமும் கேட்டும் படித்தும் நான் புரிந்துகொண்டவற்றை, இதைப் பற்றி முன்பின் அறியாதவரும் பின்தொடரும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது எவ்வளவு பரவலானது?

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் பிறப்பிலிருந்தே இருக்கும் ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறை, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் விருப்பம், ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை உணரும் அளவு ஆகியவற்றில் அந்த வேறுபாடு வெளிப்படுகிறது. அது நோயன்று, தொற்றுவதுமில்லை, தடுப்பூசியால் வருவதுமில்லை.

பொதுவாகக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு காலத்தில் தூக்கச் சிக்கல் வருகிறது என்றால், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 50 முதல் 80 விழுக்காட்டினருக்கு அது வருகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. படுத்து ஒன்றரை மணி நேரம் ஆகியும் தூக்கம் பிடிக்காமை, நள்ளிரவில் விழித்து மணிக்கணக்கில் விழித்தே இருத்தல், விடியுமுன் மூன்று நான்கு மணிக்கே எழுந்துவிடுதல் ஆகியவை இதில் அடங்கும். தமிழ்நாட்டிலும் ஜப்பானிலும் நார்வேயிலும் வளர்ப்பு முறைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவோ வேறுபட்டவை. அப்படியிருந்தும் எங்கு பார்த்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு இது நேர்கிறது என்றால், காரணத்தை ஒரு தாயின் கண்டிப்பிலோ செல்லத்திலோ தேடிப் பயனில்லை.

தாயைக் குற்றஞ்சாட்டும் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-இல் ஆட்டிசத்தை விரிவாக விவரித்த பிறகு, தாயின் அன்பு குறைந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்ற கருத்து மேலை நாடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை, 1964-இல் அதை எதிர்த்துச் சான்றுகளோடு எழுதினார். மருத்துவ உலகம் அந்தக் கருத்தை எப்போதோ கைவிட்டுவிட்டது. நம் வீட்டுத் திண்ணைகளில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

கிணறும் மின்சாரமும்

தூக்கம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, எங்கள் மாவட்டத்துக் கிணற்றுப் பாசனத்தை நினைத்துக்கொண்டால் போதும். கிணற்றில் மெதுவாக ஊற்று ஊறி நீர்மட்டம் ஏற வேண்டும். மும்முனை மின்சாரம் முறைவைத்து விடப்பட்ட நாட்களில், நீர் எவ்வளவு இருந்தாலும் மின்சாரம் வரும் வேளைக்குக் காத்திருக்க வேண்டும். நீரும் இருந்து, மின்சாரமும் வந்து, மின்னழுத்தம் ஏறி இறங்கினால் ஸ்டார்ட்டர் டிரிப் ஆகி மோட்டார் நின்றுவிடும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துவந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் பாயும்.

தூக்கத்துக்கும் அப்படியே மூன்று தேவைகள் உண்டு. முதல் இரண்டையும் சேர்த்து ஒரு முழு விளக்கமாக 1982-இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் முன்வைத்தார்; தூக்க மருத்துவம் இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது.

ஊற்று: தூக்க அழுத்தம்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளை ஆற்றலைச் செலவழிக்கிறது. அந்தச் செலவில் மிஞ்சும் அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, தூங்கு தூங்கு என்று உந்துகிறது. விழிப்பின் நீளத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும் இந்த உந்துதலுக்குத் தூக்க அழுத்தம் என்று பெயர். தூங்கினால் அது வடிந்துவிடும், மோட்டார் ஓடினால் கிணறு வடிவதைப் போல.

மாலை நான்கு மணிக்குப் பள்ளி வேனில் முக்கால் மணி நேரம் தூங்கிய பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும். பாதி கிணற்றை அப்போதே இறைத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு நீர்மட்டம் எட்டவில்லை. வெளியே விட்டால் ஓடிவிடுவான் என்று நாள் முழுவதும் வீட்டுக்குள் வைத்திருக்கும் பிள்ளைக்கும் இந்த அழுத்தம் போதிய அளவு ஏறாமல் போகலாம். பகலில் ஓடியாட விடு என்ற அறிவுரையில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் மூன்று தேவைகளில் இந்த ஒன்றுக்கே அது பொருந்தும்.

இங்கே தேநீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர்களில் மாலை ஐந்து மணிக்குப் பெரியவர்கள் டீ குடிக்கும்போது பிள்ளைகளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, பொறையோ பன்னோ கொடுப்பது வழக்கம். டீயில் உள்ள காஃபீன், அடினோசின் வந்து அமர வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. கிணறு நிறைந்திருக்கும், ஆனால் நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. பெரியவர்களின் உடலிலேயே குடித்த காஃபீனில் பாதி நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது.

மின்சாரம் வரும் வேளை: உயிர்க்கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசியை விடச் சிறிய ஓர் உயிரணுக் கொத்து இருக்கிறது. உடல் முழுவதற்கும் இரவு பகலைப் பிரித்துச் சொல்லும் அந்த அமைப்பையே உயிர்க்கடிகாரம் என்கிறோம். அதன் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக இருக்கும். ஆகவே அதை நாள்தோறும் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அதைத் திருத்தும் விரல் சூரிய ஒளி. காலையில் கண்ணில் படும் வெளிச்சம் அதை முன்னுக்குத் தள்ளுகிறது. இரவில் கண்ணில் படும் வெளிச்சம், குறிப்பாக அலைபேசித் திரையின் நீலம் கலந்த வெளிச்சம், பின்னுக்கு இழுக்கிறது.

இருட்டத் தொடங்கியதும் இந்தக் கடிகாரத்தின் கட்டளைப்படி மூளையிலுள்ள பினியல் சுரப்பி ஒரு சுரப்புநீரை இரத்தத்தில் விடுகிறது. அதுதான் மெலடோனின், 1958-இல் ஆரன் லெர்னர் என்பவர் அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். மெலடோனினைத் தூக்க மருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். அது மயக்கம் தருவதில்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே சுரக்கத் தொடங்கி, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குத் தண்டோரா போடுவதே அதன் வேலை.

ஆட்டிசம் உள்ளவர்களை அளந்து பார்த்த பல ஆய்வுகளில், சராசரியாக அவர்களின் மெலடோனின் அளவு மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருப்பதில்லை; ஆனால் ஒரு பகுதியினருக்குத் தண்டோராவின் சத்தமே குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு இன்னொன்றும் சேர்கிறது. மற்றப் பிள்ளைகள் வீட்டின் நடமாட்டத்தைப் பார்த்தே நேரத்தை உணர்கிறார்கள்: அடுப்படி விளக்கு அணைகிறது, பாட்டி பாய் விரிக்கிறாள், அப்பா கதவைத் தாழிடுகிறார். பிறர் செய்கையிலிருந்து குறிப்பறிவது ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இயல்பாக வராததால், இந்தக் குறிப்புகள் அவனைத் தொடாமலே கடந்துபோகக்கூடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், தூக்க அழுத்தம் நாள் முழுவதும் ஏறுகிறது. உயிர்க்கடிகாரம் அந்த அழுத்தத்தைப் பயன்படுத்தும் வேளையைக் குறிக்கிறது. இரண்டும் இரவு ஒன்பது மணிக்கு ஒன்றாகச் சந்தித்தால் பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்கலாம். பதினொன்றரைக்குச் சந்தித்தால், ஒன்பது மணிக்குப் படுக்க வைத்து எவ்வளவு அதட்டினாலும் தூங்க முடியாது.

ஸ்டார்ட்டர்: விழிப்பு மட்டம்

மூளையில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே உள்ள மாற்றம் ஒரு சுவிட்சைப் போன்றது. ஆபத்து என்று தோன்றினால் அது உடனே விழிப்புப் பக்கம் சாய்ந்துவிடும். காட்டில் வாழ்ந்த மனிதனை அதுதான் காப்பாற்றியது. உடல் எந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருக்கிறது என்பதை விழிப்பு மட்டம் என்கிறோம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்த மட்டம் எப்போதும் சற்று மேலேயே நிற்கிறது. ஒருமுறை ஏறினால் இறங்க நெடுநேரம் பிடிக்கிறது. அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் பதற்ற நோய் ஏதாவது ஒன்று சேர்ந்திருப்பதாகவும் அறிகிறோம்.

அதற்கு மேல் புலன் மிகையுணர்வு இருக்கிறது. நம் மூளை பின்னணியில் தள்ளிவிடும் ஓர் ஒலியையோ உரசலையோ தள்ளிவிட முடியாமல், அதை முழு அளவில் உணர்வதுதான் புலன் மிகையுணர்வு. என் தங்கை மகன் படுத்தவுடன் கழுத்தின் பின்பக்கத்தைக் கையால் இழுத்துக்கொண்டே இருப்பான். பிடிவாதம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பனியனின் உள்ளே தைத்திருந்த சிறு துணிச்சீட்டு அவனுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதை வெட்டிய பிறகும் தையல் நூலின் முனை உறுத்தியது; கடைசியில் பனியனை உள்வெளியாகத் திருப்பி மாட்டிய அன்று கை கழுத்துக்குப் போகவில்லை.

எங்கள் பகுதி இரவுகளை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் விடியவிடிய லாரிகளின் ஒலிப்பான். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரியின் கூழ் ஆலைகளுக்குப் போகும் வண்டிகள். கோடையில் பாரதக்கூத்து நடக்கும் ஊரென்றால் பதினெட்டு நாள் ஒலிபெருக்கி. இரண்டாம் ஷிஃப்ட் முடித்து ஓசூரிலிருந்து வரும் தகப்பனின் பைக். நடுவில் மின்சாரம் போய் மின்விசிறி நிற்பது. ஊரே இவற்றுக்கு நடுவில் தூங்குகிறது. இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஸ்டார்ட்டரைத் தட்டிவிடும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வு.

நள்ளிரவில் ஏன் எழுகிறான்?

தூக்கம் ஒரே நீளமான கயிறு இல்லை. ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக, ஆழமான தூக்கமும் கனவுத் தூக்கமும் மாறிமாறி வருகின்றன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நாம் எல்லாருமே சில நொடிகள் விழித்துப் புரண்டு படுக்கிறோம். காலையில் அது நினைவில் இருப்பதில்லை. அந்தச் சில நொடிகளில் மூளை, நான் தூங்கிய இடத்திலேயே இருக்கிறேனா, எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்க்கிறது.

தூங்கும் தருணத்தில் பிள்ளையின் அருகில் எது இருந்ததோ, அதுவே தூக்கத்தின் துணை ஆகிவிடுகிறது. கையில் ஓடும் அலைபேசி வீடியோவோடு தூங்கிய பிள்ளை, இரண்டு மணிக்கு விழிக்கும்போது வீடியோ இல்லையென்றால் தூங்கிய இடம் மாறிவிட்டது என்றே உணர்கிறான். எதுவும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இது மற்றப் பிள்ளைகளை விடப் பல மடங்கு பெரிய அதிர்ச்சி. அதனால்தான் தூங்கும்போது இருந்தது என்ன, நடு இரவில் இல்லாமல் போவது என்ன என்ற கேள்வியை மருத்துவர்கள் முதலில் கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பிள்ளையைத் தனியறையில் படுக்க வைத்துப் பழக்குங்கள் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் காணப்படும் அறிவுரை, ஓர் அறையில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் நம் வீடுகளுக்கு எழுதப்பட்டதில்லை. தாயின் அருகில் படுப்பது இரவு முழுவதும் மாறாமல் இருக்குமானால், அது தன்னளவில் சிக்கல் ஆகாது. தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுத் தாய் எழுந்து பாத்திரம் கழுவப் போவதுதான் சிக்கலை உண்டாக்குகிறது.

உடம்பில் வேறு தொந்தரவு உண்டா?

பேச்சு வராத பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்ல முடியாது, விழித்திருந்து காட்டும். ஆகவே பழக்கங்களை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். மலச்சிக்கலும் நெஞ்சுக்கு ஏறும் வயிற்று அமிலமும் இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி உண்டு. சொத்தைப்பல் இரவில்தான் அதிகம் வலிக்கும். குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கி, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால், தொண்டைச் சதையோ மூக்கின் பின்னுள்ள அடினாய்டோ வீங்கிக் காற்று வழியை அடைக்கலாம். வலிப்பு நோய் இவர்களுக்கு மற்றவர்களை விட அதிகம் வருவதால், தூக்கத்தில் ஒரே மாதிரியான வெட்டியிழுப்பு இருந்தால் கைபேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கால்களை ஓயாமல் உதைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் உள்ளது என்பதை ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை காட்டும். வெள்ளைச் சோறும் அப்பளமும் தவிர எதையும் தொடாத பிள்ளைகள் இவர்களில் பலர். மாலை டீ இங்கே இரண்டாவது முறையாகவும் கெடுதல் செய்கிறது. அது உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது.

வீடு முழுவதும் விழித்திருக்கும்போது

பிள்ளையின் தூக்கமின்மை அவனோடு நிற்பதில்லை. தூக்கம் குறைந்த மறுநாள், தலையை மோதிக்கொள்வதும் கையைக் கடிப்பதும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் கூடுகின்றன, கவனம் சிதறுகிறது, பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுப்பது ஏறுவதில்லை. அந்த நாளின் கொந்தளிப்பு விழிப்பு மட்டத்தை ஏற்றிவிட, அடுத்த இரவும் கெடுகிறது. ஆட்டிசத்தின் குணம் என்று நாம் பட்டியலிடும் பலவற்றில் ஒரு பகுதி உண்மையில் தூக்கமின்மையின் குணம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று வைத்துப் பார்த்தால், ஐந்து மணி நேரம் தூங்கும் பிள்ளை எவ்வளவு கடனில் இருக்கிறான் என்பது தெரியும்.

தாயின் கடன் அதற்கும் மேலே. பிள்ளையின் தூக்கம் கெட்ட வீடுகளில் தாய்க்கு மன அழுத்தமும் மனச்சோர்வும் அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது. என் தங்கை அடுப்பில் பாலை வைத்துவிட்டு அருகிலேயே நின்று பொங்கவிட்டாள்; களி கிண்டும்போது துடுப்பைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து கையைச் சுட்டுக்கொண்டாள். மறதி, எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாவற்றையும் தன் குறை என்றே அவள் எடுத்துக்கொண்டாள். இரவு ஷிஃப்டுக்கும் பகல் ஷிஃப்டுக்கும் மாறிமாறிப் போகும் மைத்துனர், அதிகாலையில் பைக் ஓட்டிவந்தபோது சாலையோரப் புளியமரத்தடிக்கு வண்டி போன பிறகுதான் தான் தூங்கிவிட்டதை உணர்ந்தார். மூத்த பெண் வீட்டுப்பாடத்தைச் சித்தப்பா வீட்டில் எழுதி, பல நாள் அங்கேயே படுத்துக்கொண்டாள். தம்பியைத் திட்டவும் முடியாமல், தூங்கவும் முடியாமல் அவள் கண்டுபிடித்த வழி அது. அவளிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை என்பதை எழுதும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது.

குடும்பத்துக்குள் எழும் சண்டையையும் மறைக்க வேண்டியதில்லை. "எங்க காலத்துல பிள்ளைங்க தூங்கலையா" என்று மாமியார் கேட்பதும், கணவன் வாய்மூடி இருப்பதும், மனைவி பிறந்தவீட்டுக்குப் போகத் தயங்குவதும் நான் பார்த்தவை. மூன்று மணிக்கு எழுந்த இருவர் பேசும் பேச்சைப் பகல் வெளிச்சத்தில் எடைபோடக் கூடாது.

உயிருக்கே ஆபத்தான ஒன்றும் இதில் உண்டு. பெரியவர்கள் அயர்ந்த நேரத்தில் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் நீரை நோக்கி ஈர்க்கப்படுகிறார்கள். திறந்த கிணறுகளும் பண்ணைக் குட்டைகளும் உள்ள எங்கள் ஊர்களில் கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் சலசலக்கும்படி மாட்டுக் கழுத்து மணியும் கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டை ஒட்டிய கிணற்றுக்கு வலைமூடி போட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. இரண்டு வாரம், பிள்ளை படுத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், விழித்த நேரங்கள், பகல் தூக்கம், டீ, மலம் கழித்தது, அன்றைய சத்தங்கள் ஆகியவற்றை எழுத வேண்டும். இதற்குத் தூக்கக் குறிப்பேடு என்று பெயர். மருத்துவரிடம் தூங்குவதே இல்லை என்று சொல்வதை விட இந்தப் பதினான்கு வரிகள் பயன்படும்.

என் தங்கையின் குறிப்பேட்டில் மூன்று பகுதிகளும் தனித்தனியாகத் தெரிந்தன. வேனில் தூங்கிய நாட்களில் இரவுத் தூக்கம் நள்ளிரவைத் தாண்டியது, இது ஊற்று. ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தாலும் அவன் தூங்கியது எப்போதும் பதினொன்றேகால் அளவில். இது மின்சாரம் வரும் வேளை. பைக் சத்தம் கேட்ட நாட்களிலும் மின்விசிறி நின்ற நாட்களிலும் இரண்டு மணிக்கு விழிப்பு, இது ஸ்டார்ட்டர்.

அதன்படியே மாற்றங்களும் செய்யப்பட்டன. ஞாயிறு உட்பட எல்லா நாளும் காலை ஆறரைக்கு எழுப்பி, மாட்டுக்குத் தீவனம் போடும் இடத்துக்குக் கூட்டிச்சென்று அரை மணி நேரம் வெயிலில் விட்டார்கள். வேனில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்து வந்தார். முன்பு குறைசொன்ன அதே பாட்டிதான். டீக்குப் பதிலாகக் கேழ்வரகுக் கஞ்சி வந்தது. இரவு எட்டரைக்கு மேல் தொலைக்காட்சியும் அலைபேசியும் அந்த அறையில் இல்லை. கை கால் கழுவுவது, பல் துலக்குவது, பாய் விரிப்பது, விளக்கணைப்பது என்று நான்கு படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே அந்தப் படத்தை எடுத்து டப்பாவில் போட்டான். குறிப்பறிய முடியாத பிள்ளைக்கு, கண்ணால் பார்க்கும் குறிப்பு இது.

எல்லாவற்றிலும் புரட்சியாகத் தோன்றியது ஒன்றுதான். ஒன்பது மணிக்குப் படுக்க வைப்பதை நிறுத்தி, அவன் உண்மையில் தூங்கும் பதினொன்றேகாலுக்குத்தான் படுக்க வைத்தார்கள். படுக்கை என்றாலே இரண்டு மணி நேரப் போராட்டம் என்று மூளை கற்றிருந்ததை அழிப்பதற்காக அது. படுத்த கால் மணி நேரத்தில் தூங்கப் பழகிய பிறகு, சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவந்தார்கள். முதல் பத்து நாள் முன்பை விட மோசமாக இருந்தது. பழகிய ஒன்றை எடுக்கும்போது எதிர்ப்பு முதலில் கூடித்தான் பிறகு குறையும் என்று சிறப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர்கள் விட்டுவிடவில்லை.

மருந்து பற்றி

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தூக்கமின்மைக்கு அமெரிக்க நரம்பியல் கழகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதலில் இத்தகைய பழக்க மாற்றங்களையும், அவை போதாதபோது மெலடோனினையும் பரிந்துரைக்கிறது. உடலை மெல்ல அழுத்தும்படி கனம் சேர்த்துத் தைத்த எடைப் போர்வைகளுக்குச் சான்று போதவில்லை என்றும் அது சொல்கிறது. பிள்ளைக்கு அது பிடித்திருந்தால் போர்த்தலாம், கடன் வாங்கி வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மெலடோனின் எவ்வளவு உதவும்? 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 125 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மெதுவாகக் கரையும் மெலடோனினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் 13 வாரம் கொடுக்கப்பட்டன. மெலடோனின் எடுத்தவர்கள் முன்பை விடச் சராசரியாக 57 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். மற்றவர்கள் 9 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தூக்கமற்ற வீட்டுக்கு அது பெரிய வரம். ஆனால் மற்ற மாற்றங்கள் இல்லாமல் அது மட்டும் போதாது. இணையத்தில் மிட்டாய் வடிவில் விற்பதை வாங்கிக் கொடுக்க வேண்டாம். 2023-இல் அமெரிக்காவில் அத்தகைய மிட்டாய்களைப் பரிசோதித்தபோது, அட்டையில் எழுதிய அளவில் 74 விழுக்காட்டிலிருந்து 347 விழுக்காடு வரை மருந்து இருந்தது. அளவையும் நேரத்தையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சளி மருந்தைத் தூக்கத்துக்காக ஊற்றும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. என் தங்கையும் ஒருமுறை கொடுத்தாள். சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறான விளைவைத் தரும். அன்றிரவு அவன் விடியும்வரை ஓடிக்கொண்டே இருந்தான். குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ள பிள்ளைக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

யாரிடம் போவது?

2008-இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலும், 2022-இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைநலப் பிரிவும் மனநலப் பிரிவும் உள்ளன. 2013 முதல் நடந்துவரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதிக்கும் குழுவினர் பிள்ளையை மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி ஆட்டிசம் ஏற்கப்பட்ட மாற்றுத் திறன். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவ, பயிற்சிச் செலவுக்கு வழி உண்டு. மருத்துவரிடம் போகும்போது தாயின் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

என் தங்கை வீட்டில் இப்போது பிள்ளை பெரும்பாலும் ஒன்பதே முக்காலுக்குத் தூங்குகிறான். வாரத்தில் இரண்டு இரவுகள் இன்னும் விழிக்கிறான். அந்த இரவுகளில் ஒன்றைத் தங்கையும் ஒன்றை மைத்துனரும் பார்த்துக்கொள்வதென்று பேசி வைத்திருக்கிறார்கள். மைத்துனரின் முறை வரும் இரவில் அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறாள். மூத்த பெண் சித்தப்பா வீட்டிலிருந்து தன் தலையணையை எடுத்துவந்துவிட்டாள்.